கேத வீட்டுப் பேச்சு

சட்டையைக் கழற்றித் தாருங்கள் என்று சொல்லியும் முருகையா கேட்கவில்லை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. "போட்டபடியே தைச்சு விடு கலா, நேரமாகுது" என்று மோவாயைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார்.

"ஒடம்புல கெடக்குற சட்டையத் தைச்சா ஆகாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

"எனக்கு ஆகாதவங்க ஏற்கெனவே ஒரு லயம் நெறைய இருக்காங்க. இந்தச் சட்டையும் சேந்துக்கிட்டா என்ன வந்துச்சு?"

கலாராணி சிரித்துவிட்டாள். ஊசி அவர் மேல் பட்டுவிடாமல் உள்ளே விரலைக் கொடுத்துத் தைத்தாள். முடித்ததும் குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையில் தைல வாசனை அடித்தது.

"நாளைக்கு அக்கா வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டாங்கன்னா?"

"நிப்பேன். நிக்கத்தானே போறேன்."

மறுநாள் காலை லுணுகலை பஸ்ஸில் இருவரும் போவதாக இருந்தது. கொண்டுபோக வேண்டிய சீலையை மடிப்புக் கலையாமல் அலுமாரியில் எடுத்து வைத்திருந்தாள். "டவுனுக்குப் போய் அலவியப் பாத்துட்டு வந்துர்றேன். ஒரு வேலை இருக்கு, வந்து சொல்றேன்" என்று அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். என்ன வேலை என்று கலாராணி கேட்கவில்லை. வந்து சொல்கிறேன் என்கிற மனிதரிடம் இப்போதே சொல்லுங்கள் என்று யார் கேட்பார்கள்?

அவர் வந்து சொல்லவில்லை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அலவியின் அச்சகத்தில் பிளேன்டி குடித்துவிட்டு எழுந்தவர், செருப்பை மாட்டிக்கொள்ள வாசற்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அலவி ஆட்டோவில் ஏற்றி மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே பொத்தானைக் கழற்ற நேரமில்லாமல் சட்டையைக் கத்தரித்துத் திறந்தார்கள். திறந்தும் பயனில்லை.

கலாராணி 'அக்கா' என்றது முருகையாவின் அண்ணன் மனைவி பாக்கியலெட்சுமியை. முருகையாவுக்கு அவள் மதினி. லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து கடைசிக் காம்பராவை மூடியது. மீரியபெத்தவைப் போல நாடே திரண்டு வந்து பார்த்த சரிவல்ல அது. பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வந்தது. மற்றக் காம்பராக்காரர்கள் மண் முறியும் சத்தம் கேட்டு ஓடித் தப்பிவிட்டார்கள். தப்பாதவர் முருகையாவின் அண்ணன் மட்டும்தான். ராத்திரி குடித்தவர், தூங்கிப்போயிருப்பார் என்று தோட்டம் முழுக்கப் பேசிக்கொண்டது.

தோண்டி எடுத்தபோது முருகையா பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு வந்து கலாராணியிடம் சொன்னார்: "கம்பளியப் போத்திக்கிட்டு, ஒருக்களிச்சுப் படுத்தபடியே இருந்தாரு. எழுப்புனா எழும்பிருவாரு போல."

கருமாதிக்கு முந்திய நாள் சாயங்காலம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பாக்கியலெட்சுமி கொழுந்தனையும் ஓரகத்தியையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பேசினாள். அன்று காலை பெரட்டுக்குப் போகும்போது, கதவுக்கு வெளிப்புறம் கொண்டியைப் போட்டுவிட்டுப் போனதாகச் சொன்னாள். முந்தின நாள் அவள் கணவர் குடித்துவிட்டு, காலையில் பேர் கொடுக்கிற அந்தப் பெரட்டுக் களத்துக்கே வந்து, இத்தனை ஆட்கள் முன்னால் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்று அவள் மானத்தை வாங்கியிருந்தார். இன்றைக்கும் வந்துவிடக் கூடாதே என்றுதான் போட்டாள். மண்ணைக் கிளறும்போது தானே முதல் ஆளாக விழுந்து, கதவைத் தேடிப் பிடித்து, யாரும் பார்க்குமுன் அந்தக் கொண்டியை நீக்கிவிட்டதாகவும் சொன்னாள்.

"ஜீவராணிக்குத் தெரியாது" என்றாள். ஜீவராணி அவளுடைய ஒரே மகள். "ஒங்க ரெண்டு பேரையும் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லாம இருந்தா நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு தம்பி, அதான்."

இதைத்தான் முருகையா கதையாக எழுதினார்.

உடனே எழுதவில்லை. வருஷங்கள் போன பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளின் விடைத்தாள்களிலிருந்து விடுதலையான பிறகு எழுதினார். பெயர்களை மாற்றினார். தோட்டத்தை நுவரெலியாப் பக்கம் கொண்டுபோனார். கதைக்குக் 'கொண்டி' என்று பெயர் வைத்தார். எழுதி முடித்ததும் வழக்கம்போல் கலாராணிக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினார். அவள் அரிவாள்மனையில் கீரை அரிந்துகொண்டிருந்தாள். கடைசி வரி வந்தபோது கை நின்றது. 'அவள் படியிறங்கி முடியும் வரை, கதவு தட்டும் சத்தம் அவள் பின்னாலேயே வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.'

"தட்டுனாருன்னு அக்கா சொல்லலியே" என்றாள். "தூங்குன வாக்குலயே கெடந்தாருன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க?"

"அது நடந்தது. இது கதை. தட்டாட்டி இது கதையில்ல கலா, மரண விசாரணை."

அவள் மறுக்காமல் மறுபடி கீரையை அரிந்தாள். அந்த வரி அவ்வளவு நன்றாக இருந்தது.

நன்றாக இருந்ததால்தான் கொழும்பில் பரிசு கொடுத்தார்கள். நன்றாக இருந்ததால்தான் அலவி அச்சடித்த தொகுப்புக்கே 'கொண்டி' என்று பெயர் வைத்தார்கள். எழுத்துக் கோக்கும்போதே அலவி ஒரு தரம் கேட்டார்: "மாஸ்டர், இது எங்கயோ நடந்த மாதிரி ஈக்குதே. அந்த மனுசி உசிரோட ஈக்குறாவா?" முருகையா, "பேரை மாத்தியிருக்கேன் நானா" என்றார். அலவியை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் அவர் கூப்பிடுவார். புத்தகம் வந்து ஒரு வருஷமாகியும் தோட்டத்தில் ஒருவரும் வாசிக்கவில்லை. வாசித்திருக்கவும் மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அந்தக் கதையை நல்ல குரல் வளமுள்ள ஒருவர் வாசித்தார். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் ஜீவராணி அன்று லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். சித்தப்பாவின் கதை வருகிறது என்று பெருமையோடு ரேடியோவைச் சத்தமாக வைத்து, தாயையும் கூப்பிட்டு உட்கார வைத்தது அவள்தான்.

கதை முடிந்ததும், "அம்மா, இது நம்ம வீடா?" என்று கேட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாக்கியலெட்சுமிக்குப் பொய் வராது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஜீவராணி கொழும்புக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு தாயிடமிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை.

பாக்கியலெட்சுமி முருகையாவுக்குப் போன் எடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நா ஒங்ககிட்டச் சொன்னது கேதத்துல. கேத வீட்டுப் பேச்சு குளிச்ச தண்ணியோட போகணும். நீங்க குளிக்காமலே வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

சாவு வீட்டுக்குப் போனவர்கள் தலை முழுகிவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குள் நுழைவார்கள். அழுகிறவள் என்னென்னவோ சொல்லி அழுவாள், செத்தவனைத் திட்டுவாள், தன்னைத் திட்டுவாள். அதையெல்லாம் ஊற்றும் தண்ணீரோடு வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது லயத்து நியாயம். முருகையா லயத்தில் பிறந்தவர், அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சில மாதங்கள் வீம்பாக இருந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரை மாற்றியிருக்கிறேன், இலக்கியம் என்றால் என்னவென்று தெரியாதவர்களிடம் என்ன பேசுவது என்று கூடத்தில் நடந்துகொண்டே பேசுவார். பிறகு பேச்சுக் குறைந்தது. பிறகு ஒருநாள், "ஒரு சீலை எடுத்து வை கலா" என்றார்.

அந்தச் சீலைதான் அலுமாரியில் இருந்தது.

பிரேதம் வீட்டுக்கு வந்ததும் இலக்கிய வட்டம் எல்லாப் பொறுப்பையும் தூக்கிக்கொண்டது. தலைவர் சிவஞானம், ஓய்வு பெற்ற அதிபர், முருகையாவோடு வாலிப வயதிலிருந்து பழகியவர். கண்கள் சிவக்கச் சிவக்க ஓடியாடிப் பந்தல், பதாகை, ஒலிபெருக்கி என்று எல்லாவற்றையும் பார்த்தார். குறை சொல்ல முடியாது.

"தோட்டத்துக்கு ஆள் அனுப்பினீங்களா டீச்சர்?" என்று அலவி மட்டும் கேட்டார்.

கலாராணி பதில் சொல்லுமுன் சிவஞானம் முந்திக்கொண்டார். "ரேடியோவுல அறிவித்தல் போட்டாச்சு. பேஸ்புக்ல போட்டாச்சு. லண்டனுக்கே தெரிஞ்சிருச்சு, லுணுகலைக்குத் தெரியாதா?"

கலாராணி பதுளை டவுனில் கடைக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்து டீச்சரானவள். நல்லதுக்கு அழைத்தால்தான் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த நியாயம். அக்காவுக்கு மனம் இருந்தால் வருவாள். மனம் இல்லாதவளுக்கு ஆள் அனுப்பி, வா வா என்று இழுப்பது போல் ஆகிவிடக் கூடாது. அப்படித்தான் நினைத்தாள். வாசலில் ஒவ்வொரு வாகனம் நிற்கும்போதும் அழுகையை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். தோட்டத்திலிருந்து ஒரு வேன் வந்தது. அதில் பாக்கியலெட்சுமியை முறை வைத்துப் பெரியம்மா என்று கூப்பிடும் ஆட்டோக்காரன் தினேஸ், அவன் குடும்பம், பழைய லயத்து ஆட்கள் இறங்கினார்கள். பாக்கியலெட்சுமி இறங்கவில்லை.

பிரேதத்தை எடுக்குமுன் அஞ்சலி உரைகள். சிவஞானம் ஒலிவாங்கியைப் பிடித்தார். முருகையாவின் பிறப்பிலிருந்து தொடங்கி, கடைசியில் 'கொண்டி'க்கு வந்தார். மலையகம் பெற்றெடுத்த கதைகளில் இது ஒரு மகுடம் என்றார். புத்தகத்தை விரித்துக் கடைசிப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார். ஒலிபெருக்கி தெரு முனை வரை கட்டியிருந்தது.

அலவி கலாராணியின் பக்கம் குனிந்து, "மய்யித்து வீட்டிலயும் நயவுரையா செய்யுது இந்த மனுசன்? நிப்பாட்டச் சொல்லுங்க டீச்சர். தோட்டத்து ஆக்கள் நிக்கிறாங்க" என்றார்.

அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிவஞானம் நிறுத்தியிருப்பார், அவர் கெட்டவரல்ல. ஆனால் அந்த நேரத்தில் அவள் காதில் விழுந்தது வார்த்தைகளல்ல, கணவரின் குரல். வாசித்தது சிவஞானம் என்றாலும் அந்த வாக்கியங்கள் முருகையாவின் மூச்சில்தான் ஏறி இறங்கின. இன்னும் கொஞ்சம் வாசிக்கட்டுமே என்றிருந்தது. 'கதவு தட்டும் சத்தம் அவள் பின்னாலேயே வந்தது' என்ற வரி தெருவெல்லாம் கேட்டது. தோட்டத்து வேன் மயானம் வரை வராமல், அந்த இடத்திலேயே திரும்பிப் போனது.

கருமாதியன்று தினேஸ் தனியாக வந்தான். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் கலாராணி அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க பெரியம்மா இன்னிக்கும் வரல்ல. அவ்வளவு வைராக்கியமாடா?"

தினேஸ் ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி அவளை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"டீச்சரம்மா, நீங்க கேதம் சொல்லி விட்டீங்களா?"

"ரேடியோவுல..."

"ரேடியோ ஊருக்குச் சொல்லுது. பங்காளி வீட்டுக்கு ஆளுதானே வரணும்? நாங்கெல்லாம் ஊராளுங்க, வேன் புடிச்சு வந்துட்டோம். பெரியம்மா அப்படி வர முடியுமா? அன்னிக்கு ரேடியோவுல கேட்டதுமே குளிச்சு, சீலை மாத்தி, வாசல்ல ஒக்காந்துட்டாங்க. வேன் பொறப்பட்டப்ப கூப்பிட்டேன். 'கேதம் சொல்ல ஆளு வரும்டா, நா இல்லாட்டி வீடு பூட்டிக் கெடக்குன்னு திரும்பிப் போயிருவாங்க'ன்னாங்க. நாங்க திரும்பி வந்தப்பயும் அங்கனயேதான் ஒக்காந்திருந்தாங்க."

கலாராணி தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றாள். ஓர் ஆளை அனுப்பியிருந்தால் போதும். யாரையாவது. வாசலில் நின்று ஒரு வார்த்தை.

அடுத்த வாரம் சிவஞானமும் அலவியும் ஒன்றாகவே வந்தார்கள். முப்பத்தோராம் நாள் நினைவுக்குக் 'கொண்டி' தொகுப்பின் இரண்டாம் பதிப்பு. அதுதான் பேச்சு. பிளேன்டி ஆறும் முன்னே பேச்சு சூடாகிவிட்டது.

"அந்தக் கதை இல்லாமத்தான் அடிக்கணும்" என்றார் அலவி. "மாஸ்டர் கடைசியா என்கிட்டச் சொன்னது அதுதான். 'நாளைக்கு மதினிகிட்டப் போறேன் நானா, வெறுங்கையோட போகப்படாது. அந்தக் கதைய எடுத்துட்டேன்னு சொல்லணும்'னு சொன்னாரு. சொல்லிட்டுத்தான் எழும்பினாரு."

வந்து சொல்கிறேன் என்றது இதைத்தான். கலாராணி அலவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்றீங்க நானா, எழுத்துல இருக்கா?" என்றார் சிவஞானம். பிறகு தானே வெட்கப்பட்டுக் குரலைத் தணித்தார். "சரி, சொல்லியிருப்பாரு. மனம் நொந்த நேரத்துல சொன்னதை வச்சு அவரோட உச்சியையே வெட்டிப்போடுறதா? இந்தச் சனத்தைப் பத்தி யாரு எழுதினா? நாலு வரி எழுதிட்டுப் பேப்பர் மறந்துபோச்சு. ஒரு குடிகாரன், ஒரு கூலிக்காரி, ஒரு கதவுன்னு அவங்களை மனுசரா எழுதினது முருகையா மட்டுந்தான். அந்தத் தட்டுற சத்தம் இருக்கே, அதைக் கேட்டுத்தான் கொழும்புல இருக்கிறவனுக்கு லயம்னா என்னன்னு விளங்கிச்சு."

"தூங்கின மனுசன எழுப்பித் தட்ட வச்சாரு" என்றார் அலவி. "கொழும்புக்கு விளங்கிச்சு. சரி. அந்தப் பொம்பளப் புள்ளைக்கு என்ன விளங்கிச்சு?"

"இலக்கியத்தை உறவுக்காரங்ககிட்டக் காட்டி ஒப்பம் வாங்கிட்டு அச்சடிக்கிறதுன்னா நாம கலியாணக் கார்டுதான் அடிக்கணும்."

"கலியாணக் கார்டு அடிச்சுத்தான் ஒங்க இலக்கியத்துக்கு நான் நட்டம் பாக்குறேன்."

கலாராணிக்குச் சிரிப்பு வந்திருக்கும், வேறொரு காலமாக இருந்தால். "அக்காவக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

சிவஞானம் நிமிர்ந்தார். "கதாபாத்திரத்துக்கிட்டப் போய் அனுமதி கேக்கப் போறீங்களா?"

"கதாபாத்திரம் இல்ல சேர். என் ஓரகத்தி."

அவர் பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து போகும்போது, "தங்கச்சி, ஒங்களுக்கு அவர் புருசன். எங்களுக்கு எழுத்தாளன். நாங்களும்தான் பறிகொடுத்திருக்கோம்" என்றார். அதில் பொய்யில்லை என்று கலாராணிக்குத் தெரியும்.

லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தினேஸ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய், மண் சரிந்த பிறகு தோட்டத்தில் கட்டிக்கொடுத்த தனி வீட்டு வரிசையில் விட்டான். பாக்கியலெட்சுமியின் வீடு திறந்து கிடந்தது. கூப்பிட்டாள், ஆளில்லை.

"மலையில இருந்து இன்னும் வரல்ல. வர்ற நேரந்தான்" என்றான் தினேஸ்.

"தெறந்து போட்டுட்டா வேலைக்குப் போவாங்க?"

"எப்பவும் அப்படித்தான். நாய், கோழி எல்லாம் போய் வரும். களவு போக என்ன இருக்குன்னு சொல்லுவாங்க."

கதவில் வெளிப்பக்கம், கையெட்டும் உயரத்தில், ஆணி கழற்றிய துளைகள் தெரிந்தன. கட்டிக் கொடுத்தவர்கள் வைத்த கொண்டியை யாரோ பிடுங்கியிருந்தார்கள். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கலாராணி உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள். எல்ல என்ற ஊருக்குச் சுற்றுலா போகும் வெள்ளைக்காரர்களின் வேன் ஒன்று வழி தவறி வந்து, தினேஸிடம் வழி கேட்டுத் திரும்பியது.

பாக்கியலெட்சுமி கொழுந்து பறிக்கக் கட்டும் படங்குத் துணியை இடுப்பில் சுற்றியபடியே ஏறி வந்தாள். வெள்ளைச் சேலையில் வாசலில் நிற்பவளைப் பார்த்ததும் நின்றாள். இரண்டு விதவைகள். ஒருவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கலாராணி ஓரடி முன்னே வந்தாள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுதான். "அக்கா, ஒங்க கொழுந்தன் தவறிட்டாரு. கேதம் சொல்ல வந்திருக்கேன்."

"இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சாக்கும்" என்றாள் பாக்கியலெட்சுமி. படங்கை அவிழ்த்து உதறி வேலியில் போட்டாள். "பதுளையில இருந்து லுணுகலை அம்புட்டுத் தூரமா போச்சு? வாரக் கணக்கா நடந்தா வந்த?"

"தெரியாமப் போச்சுக்கா. கெட்டதுக்கு அழைக்கத் தேவையில்லன்னு..."

"அது ஊராருக்கு. பங்காளி வீட்டுக்காரிக்கு ஆளு வந்து சொன்னாத்தான் அவ பங்காளி. சொல்லலன்னா, நீ யாரோ நா யாரோன்னு அர்த்தம். நா என்ன நெனைச்சேன் தெரியுமா? எம்மேல கோவம் ஒங்களுக்குத்தான்னு. அவரு கதைய நா கேவலமா பேசிட்டேன்னு, சாவுக்குக்கூட வரக் கூடாதுன்னு வச்சுட்டீங்கன்னு." குரல் உடைந்தது. "எறக்கி வைக்கயில ஒரு பிடி மண்ணு போட எனக்கு இல்லாமப் போச்சேடி."

அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது ஓய்ந்ததும் பாக்கியலெட்சுமி தண்ணீர் கொடுக்கப் போனவள், கேதம் சொல்ல வந்தவளுக்குத் தண்ணீர் கொடுப்பதா என்று யோசித்து, "சரி, காலம் கடந்த கேதந்தானே, குடி" என்று செம்பை நீட்டினாள்.

கலாராணி புத்தகத்தின் பேச்சை எடுத்தாள். அவர் மறுநாள் வருவதாக இருந்ததை, சீலையை, கதையை எடுத்துவிடும்படி அலவியிடம் சொன்னதைச் சொன்னாள். பாக்கியலெட்சுமி, கலாராணி கொண்டுவந்து மடியில் வைத்த அந்தச் சீலையின் கரையை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன கலா? கேட்டவ காதுல இருந்து எடுக்க முடியுமா?" என்றாள். பிறகு, "கொண்டியப் போட்டேன்னு எழுதுனதுக்கு நா கோவிக்கல. போட்டவ நாந்தானே. அது என் பாவம். ஆனா தட்டுனாருன்னு எழுதிப்புட்டாரே. தட்டத் தட்ட நா கேட்டுக்கிட்டே படியெறங்கிப் போனேன்னு எழுதிப்புட்டாரே. நா எறங்கயில எங்க வீட்டுக்காரரு கொறட்டை விட்டுக்கிட்டிருந்தாரு. மண்ணு வந்தப்ப தட்டுனாரா இல்லியான்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். கம்பளிகூட வெலகல. ஒங்க வீட்டுக்காரரு கண்ணால பாத்தவரு."

"தெரியும்க்கா. வந்து சொன்னாரு."

"எம்மக அந்தத் தட்டுனதத்தான் நம்புறா. அன்னிக்கே நா இல்லன்னு சொன்னதுக்கு, 'படிச்ச சித்தப்பா பொய்யா எழுதுவாரு?'ன்னா. அதுக்கு நா என்னத்தச் சொல்ல?"

கலாராணிக்குக் கீரையும் அரிவாள்மனையும் நினைவு வந்தன. அது நடந்தது, இது கதை. அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தைச் சொல்ல உலகத்தில் இப்போது ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவள் பையிலிருந்து போனை எடுத்தாள்.

தன் தாயின் எண்ணாக இருந்தால் ஜீவராணி எடுத்திருக்க மாட்டாள். சித்தியின் எண் என்பதால் எடுத்தாள். கடையின் இரைச்சல் கேட்டது.

"சொல்லுங்க சித்தி. சித்தப்பா சாவுக்கு வர முடியல, மன்னிச்சுக்கங்க. லீவு தரல்ல."

கலாராணி சுற்றி வளைக்கவில்லை. அவர் எழுதியதை, வாசித்துக் காட்டியதை, தான் கேட்டதை, அவர் சொன்ன பதிலை அப்படியே சொன்னாள். கணவரை நடுத்தெருவில் நிறுத்திப் பேசுவது போல் இருந்தது. இறந்து ஒரு மாதம் ஆகவில்லை. நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

மறுமுனையில் இரைச்சல் குறைந்தது. ஜீவராணி எங்கோ ஒதுங்கி வந்திருக்க வேண்டும்.

"நீங்க அம்மா வீட்டுல இருந்தா பேசுறீங்க?"

"ஆமா."

"அப்ப அம்மாவுக்காகச் சொல்றீங்க."

"இல்ல ராணி. நடந்தத சொல்றேன்."

"சித்தி, சித்தப்பா எழுதுனது அச்சுல இருக்கு. நீங்க சொல்றது வாய்ச்சொல்லு. நான் எதை நம்புறது?" கோபத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். பிறகு ஜீவராணியே, "அப்பா கம்பளி போத்தியிருந்தாரா?" என்றாள்.

"போத்தியிருந்தாரு. ஒருக்களிச்சு."

"சரி சித்தி" என்றாள். தாயிடம் கொடுக்கச் சொல்லவில்லை. போன் அணைந்தது.

போனை வைத்தபோது பாக்கியலெட்சுமி பக்கத்தில் இல்லை. அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள்.

இரண்டாம் பதிப்பு 'கொண்டி' இல்லாமல் வந்தது. அட்டையில் வேறொரு கதையின் பெயர் இருந்தது. சிவஞானம் வெளியீட்டுக்கு வரவில்லை. அழைப்பிதழில் தலைமை என்று அவர் பெயரைப் போட்டிருந்ததால், அந்தக் கதிரை கடைசி வரை காலியாகவே இருந்தது. பிறகு அவர் ஒரு பத்திரிகையில், நண்பர்களின் கைகளாலேயே ஒரு எழுத்தாளன் முடமாக்கப்பட்டான் என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் எடுத்த கதைக்கு மவுசு கூடியது. முதற்பதிப்பின் பக்கங்களை யாரோ போனில் படமெடுத்துப் பரப்பினார்கள். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தக் கடைசி வரியைப் பற்றி ஒரு பெண் கட்டுரை எழுதுவதாகவும், சந்திக்க முடியுமா என்றும் கலாராணிக்கு எழுதிக் கேட்டாள். கலாராணி இன்னும் பதில் எழுதவில்லை. என்ன எழுதினாலும், தட்டும் சத்தம் நிற்கப்போவதில்லை.

சில சாயங்காலங்களில் அலவி வந்து முருகையா உட்காரும் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போவார். சிவஞானத்தை வழியில் கண்டால் இருவரும் குடையைச் சாய்த்துக்கொண்டு போகிறார்களாம்.

தீபாவளிக்கு ஜீவராணி வரவில்லை. பொங்கலுக்கு ஒரு பார்சல் மட்டும் வந்தது. உள்ளே ஒரு புதுக் கம்பளி. யாருக்கென்று எழுதியிருக்கவில்லை. பாக்கியலெட்சுமி அதைப் போர்த்திக்கொள்ளவும் இல்லை, எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. கொடியில் போட்டிருக்கிறாள் என்று தினேஸ் சொன்னான்.

மாதத்துக்கு ஒரு தரம் கலாராணி லுணுகலை பஸ்ஸில் போகிறாள். அக்கா மலையிலிருந்து வரும் வரை வாசலில் உட்கார்ந்திருப்பாள். கதவு திறந்தே கிடக்கும். வெளிப்பக்கம் கொண்டி இருந்த இடத்தில் அந்தத் துளைகள் அப்படியே இருக்கின்றன.